நாற்பத்தைந்தாயிரத்தைப் பெட்டியிலேயே வையுங்கள்

தேவகோட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் கேள்வி இதுதான்: "என் ஐயா (தாத்தா) பதின்மூன்று வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக் கடையில் தொழில் பழகும் பையனாகப் பர்மாவுக்குப் போனவர். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது அசாம் வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். ஆறு வயது மகளுக்குத் தினமும் ராத்திரி இந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும். எழுதிப் பார்த்தேன், 48 பக்கம் வந்தது. 45,000 ரூபாய் கொடுத்தால் ஐஎஸ்பிஎன் எண்ணோடு 300 பிரதி போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? குழந்தைகளுக்கு எழுத எங்கே போய்க் கற்றுக்கொள்வது?"

கொடுக்க வேண்டாம். பெட்டியடிப் பையனின் பேத்திக்கு நான் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுவோம். 45,000ஐ 300ஆல் வகுத்தால் பிரதிக்கு 150 ரூபாய் அடக்கம். புத்தகக் கடைக்காரர் 35 சதவீதம் கழிவு கேட்டால், போட்ட 150ஐத் திரும்ப எடுக்கவே விலையை ஏறக்குறைய 230 என்று வைக்க வேண்டும். அதுவும் முந்நூறும் விற்றால். அச்சுக் கணக்கில் பதினாறு பக்கம் ஒரு பாரம். 48 பக்கம் என்பது மூன்றே பாரம். மூன்று பாரப் புத்தகத்தை 230 ரூபாய்க்கு உங்கள் சித்தி வாங்குவார், பெரியம்மா வாங்குவார், அதற்கு மேல் யார் வாங்குவார்? மீதிக் கட்டுகள் இரண்டாங்கட்டில் ஏதாவது அறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரிய வீடுகளில் அறைக்குப் பஞ்சமில்லை என்பதுதான் இதில் ஒரே ஆறுதல்.

ஐஎஸ்பிஎன் எண்ணைப் பெரிய சலுகைபோல் சொல்லியிருக்கிறார் பாருங்கள், அதற்குக் கட்டணமே கிடையாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. சொந்தமாகப் புத்தகம் போடும் எழுத்தாளரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பதின்மூன்று இலக்கம், புத்தகத்துக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். அது காப்புரிமையும் அல்ல, தரச் சான்றும் அல்ல. காப்புரிமை நீங்கள் எழுதி முடித்த அன்றே உங்களுக்கு வந்துவிட்டது. உங்கள் ஆயுளும் அதற்குப் பின் 60 வருடமும் அது நிற்கும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நானும் இப்படி ஒருவரிடம் காசு கொடுத்தவன். என் முதல் சிறுவர் புத்தகத்தில் ஒரு வரி, "பாட்டி கொட்டான் முடைந்தாள்." கொட்டான் என்றால் ஓலைக் கூடை. அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது துணைக்கால் எங்கேயோ விழுந்துவிட்டது. புத்தகம் முழுக்கப் பாட்டி 'கெட்டான்' முடைந்துகொண்டிருந்தாள், 500 பிரதியிலும். போதாததற்கு, நான் கொடுத்தது 30 பக்கம். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் வரும். மிச்சம் விழுந்த இரண்டு பக்கத்தில் என்னைக் கேட்காமல் ஒரு நகைக்கடை விளம்பரத்தையும் ஒரு எண்ணெய் விளம்பரத்தையும் போட்டுவிட்டார்கள். பிழை பார்ப்பதைக் கையெழுத்துப் பிரதியோடு நிறுத்தக் கூடாது, பக்கம் கட்டி முடித்த பிறகு கடைசி மெய்ப்பையும் வரி வரியாகப் பார்க்க வேண்டும் என்பதை அப்படிக் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்தப் புத்தகத்தின் உண்மையான கோளாறு அச்சில் இல்லை. என் பிள்ளையைத் தவிர வேறு எந்தப் பிள்ளைக்கும் அதை நான் படித்துக் காட்டியிருக்கவில்லை.

உங்கள் மகள் ஏன் தினமும் அந்தக் கதையைக் கேட்கிறாள்? கதை நன்றாக இருக்கலாம். அல்லது உங்கள் மடியும், விளக்கணைத்த அறையும், உங்கள் குரலும் நன்றாக இருக்கலாம். அச்சுப் புத்தகத்தோடு இவை எதுவும் போகாது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது எழுதுகிறவருக்கு ஒரு தரம் கூடுதலாகவே பொருந்தும். ஆகையால் ஊரார் பிள்ளைகளிடம் போங்கள். தெருவில் நான்கு பேரைச் சேருங்கள், அங்கன்வாடியிலோ நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள். நீங்கள் படிக்க வேண்டாம். கதை தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் பென்சிலோடு உட்காருங்கள். எந்த வரியில் ஒரு பையன் பக்கத்துப் பையனைக் கிள்ளத் தொடங்குகிறானோ அந்த வரிக்கு ஒரு கோடு. எந்த இடத்தில் "அப்புறம்?" வருகிறதோ அங்கே ஒரு புள்ளி. படிப்பவர் நாக்குத் தடுக்கினால் அதையும் குறியுங்கள். "கதை நல்லா இருந்ததா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நல்லாயிருந்தது என்றுதான் சொல்வார்கள், மரியாதை தெரிந்த பிள்ளைகள்.

இரண்டு மூன்று தடவை இப்படி உட்கார்ந்தால் 48 பக்கம் தானாக இளைக்கும்.

சரி, எங்கே கற்பது என்ற கேள்விக்கு வருகிறேன். பயிலரங்குகள் நடக்கின்றன, வாய்த்தால் போங்கள். ஆனால் அதற்கு முன் காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு பயிற்சி உண்டு. நூலகத்திலிருந்து பத்துப் படக்கதைப் புத்தகங்களை எடுத்து வந்து, அவற்றின் எழுத்தை மட்டும் நோட்டில் கையால் எழுதிப் பாருங்கள், படம் இல்லாமல். பல புத்தகங்கள் ஒன்றரைப் பக்கத்துக்குள் முடிந்துவிடும். "இவ்வளவுதானா?" என்று தோன்றும் அந்த இடத்தில்தான் பாடம் இருக்கிறது. எழுதாமல் விட்டதையெல்லாம் படம் சுமக்கிறது. அடுத்து, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஏதாவது ஒரு கதையை எடுத்துத் தமிழில் மொழிபெயர்த்துப் பாருங்கள். அடுத்தவர் கதையில் ஒரு வாக்கியத்தைப் பத்துச் சொல்லிலிருந்து ஆறு சொல்லுக்குக் கொண்டுவரப் படும் பாடு, சொந்தக் கதையில் கை வைக்கத் துணிச்சல் தரும்.

உங்கள் செட்டிநாட்டு மண்ணுக்கு இதில் ஒரு பரம்பரையே இருக்கிறது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்தது இராயவரத்தில். சக்தி பத்திரிகை நடத்திய வை. கோவிந்தனும் அதே ஊர்தான். அந்தச் சக்தி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்தான் வள்ளியப்பா. பிறகு இந்தியன் வங்கியில் வேலை, கூடவே குழந்தைகளுக்குப் பாட்டு, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம், ஓய்வுக்குப் பின் கோகுலம் சிறுவர் இதழின் ஆசிரியர் பொறுப்பு. எங்கேயும் பட்டம் வாங்கி அவர் இதைக் கற்றதாகத் தெரியவில்லை. கல்கண்டு இதழ் நடத்திய தமிழ்வாணன் உங்கள் தேவகோட்டைக்காரர். கோட்டையூர் ரோஜா முத்தையா வீடு நிறையச் சேர்த்து வைத்த பழைய புத்தகங்களும் இதழ்களுமெல்லாம் இப்போது சென்னை தரமணியில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. சென்னை போகும்போது அரை நாள் ஒதுக்கிப் பாருங்கள். பழைய சிறுவர் இதழ்களைப் புரட்டினால், எழுபது எண்பது வருடத்துக்கு முன் குழந்தைகளோடு எவ்வளவு சகஜமாகப் பேசியிருக்கிறார்கள் என்று தெரியும். (அதே பக்கங்களில் உபதேசமும் நிறையவே இருக்கும். அதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.)

இனி உங்கள் கதைக்குள் நுழைகிறேன். நீங்கள் அனுப்பிய முதல் பக்கத்தில் முகப்பு, பட்டாலை, பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரைக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் வருகின்றன. ஐயா வரவில்லை. செட்டிநாட்டைப் பற்றி எழுத உட்காருகிற எல்லாருக்கும் வரும் நோய் இது, எனக்கும் இருந்தது. வீடு கதாநாயகனாகிவிடும், பிள்ளை வாசலில் நிற்பான். அந்த வீட்டை முழுக்க ஓவியரிடம் விட்டுவிடுங்கள். உங்கள் கதை பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் கப்பலில் ஏறும் இடத்தில் தொடங்குகிறது. அவன் டிரங்குப் பெட்டியில் என்ன இருந்தது? ஆத்தா என்ன பலகாரம் கட்டிக் கொடுத்தார்? எத்தனையாவது நாளில் அது தீர்ந்தது? ஆறு வயதுப் பிள்ளைக்கு வட்டிக் கடை புரியாது. சீப்புச்சீடை தீர்ந்துபோன துக்கம் நன்றாகப் புரியும்.

நடந்து வந்த பகுதி கடினம். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் கூட்டம் கூட்டமாக நடந்தவர்களில் பலர் பசியிலும் காலராவிலும் வழியிலேயே செத்தார்கள். இதைக் குழந்தைக்குச் சொல்வதா? சொல்லலாம் என்பது என் கட்சி. மறைத்தால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், கதையின் மேல் நம்பிக்கை போய்விடும். ஆனால் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து சொல்ல வேண்டும். "புறப்படும்போது முருகனும் கூட நடந்தான். மலையைத் தாண்டியபோது முருகன் இல்லை." இப்படி இரண்டு வரி, எதிர்ப் பக்கத்தில் ஒற்றை ஆள் நடக்கும் படம். அங்கே படிக்கும் அம்மாவும் கேட்கும் பிள்ளையும் கொஞ்ச நேரம் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை நீங்கள் எழுத வேண்டியதில்லை.

பக்கம் பிரிப்பதற்கு ஒரு பழைய உபாயம். எட்டு ஏ4 தாளை அடுக்கி நடுவில் மடித்துப் பின் அடியுங்கள். 32 பக்கம் வரும். முதல் பக்கம் தலைப்பு, இரண்டாவதில் பதிப்பு விவரம். மூன்றும் முப்பத்திரண்டும் ஒற்றைப் பக்கங்கள். நடுவில் விரித்துப் பார்க்க 14 இரட்டைப் பக்கங்கள் கிடைக்கும். கதையைப் பதினான்காக வெட்டி அதில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வலப்பக்க முடிவிலும் தாளைத் திருப்ப ஒரு காரணம் இருக்க வேண்டும். கதவைத் தட்டும் சத்தம் வலப்பக்கத்தில், தட்டியவர் யாரென்பது அடுத்த தாளில். எந்த இரண்டு பக்கத்துக்கும் ஒரே படம் போதும் என்று தோன்றுகிறதோ, அங்கே ஒன்று வெட்டுப்படும். இந்த வயதுக்கு 300லிருந்து 500 சொல்லுக்குள் அடக்கப் பார்ப்பேன் நான். உங்கள் கையில் அதைப் போலப் பத்து மடங்கு இருக்கிறது.

எந்த வயதுக்கு என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். "3 முதல் 12 வயது வரை" என்று அட்டையில் போட்ட புத்தகம் யாருக்கும் இல்லாத புத்தகம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். ஏதாவது அரசுப் பள்ளியில் கேட்டு வாங்கி, படிக்குப் படி வாக்கியம் எப்படி நீளுகிறது என்று பாருங்கள். தமிழில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 'கொண்டுவிக்கப்போனவர்களெல்லாம்' (கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள்) என்று எழுதினால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை பாதிச் சொல்லிலேயே மூச்சு வாங்கும். பிரித்து எழுதுங்கள். அச்சில் 16 புள்ளி (பாயிண்ட்) அளவுக்குக் கீழே எழுத்தைக் குறைக்க விடாதீர்கள். வரி முடிவில் சொல்லை உடைக்கவும் விடாதீர்கள்.

எந்தத் தமிழ் என்பது அடுத்த தகராறு. நீங்கள் தந்தையை அப்பச்சி என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கம் சரி. கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கு அப்பச்சி என்றால் அம்மாவின் அப்பா. அம்மாவைப் பெற்ற ஆயா நமக்குச் செல்லம், சென்னைப் பிள்ளைக்கோ ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் வேலை செய்பவர். இதற்காக எல்லாவற்றையும் அப்பா, பாட்டி என்று சலவை செய்துவிட வேண்டுமா? நான் செய்ய மாட்டேன். அடிக்குறிப்பும் போட மாட்டேன். முதல் தடவை 'அப்பச்சி' வரும் பக்கத்தில் அவர் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், படம் பார்த்துக்கொள்ளும். கதை சொல்பவரின் நடையை எளிய எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, பேச்சு வரும் இடத்தில் மட்டும் ஊர்ப் பேச்சை விடுங்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால்தான் வாசிப்பவர் தடுமாறுவார்.

பாட்டாக எழுதும் ஆசை வந்தால் கை தட்டிப் பாருங்கள். தட்டு விழும் இடத்தில் சொல் விழவில்லை என்றால், எதுகை மோனை எவ்வளவு இருந்தும் அது பாட்டாகாது.

படம் பற்றி. பதிப்பகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் ஓவியரை நீங்கள் தேட வேண்டாம், அவர்களே போடுவார்கள். எழுத்தை மட்டும் அனுப்புங்கள். உங்கள் வேலை ஆதாரம் சேர்ப்பது. வெளியூர் ஓவியர் ஒருவர் என் கதைக்குச் செட்டிநாட்டு வீடு என்று கேரளத்து நாலுகெட்டை வரைந்து அனுப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது, நான் ஒரு படமும் கொடுக்கவில்லை. முற்றம், திண்ணை, தூண், ஆச்சிகள் சேலை கட்டும் விதம், ஊருணிப் படிக்கட்டு எல்லாவற்றையும் கைப்பேசியில் எடுத்து ஒரு கட்டாகக் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் பர்மாக் கடிதமோ கணக்குப் பேரேடோ இருந்தால் அதையும் படமெடுத்து அனுப்புங்கள். இன்னொன்று, ஓவியத்தின் உரிமை எழுத்தின் உரிமையிலிருந்து வேறு. நீங்களே ஓவியரை அமர்த்தினால் எவ்வளவு பணம், எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், மறுபதிப்பு வந்தால் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சொந்தக்காரப் பையன் ஓவியர் என்றால் இரண்டு தாளில் எழுதுங்கள்.

யாருக்கு அனுப்புவது? தமிழில் சிறுவர் புத்தகங்களை மட்டுமோ முக்கியமாகவோ போடுகிற இடங்கள் இப்போது உண்டு. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன், வானம் பதிப்பகம் போன்றவை. படக்கதைக்குச் சென்னையின் தூலிகா. பிறகு, 1957இலிருந்து இயங்கும் நேஷனல் புக் டிரஸ்ட். அனுப்பும் முன் அவர்கள் போட்ட ஐந்து புத்தகத்தையாவது படியுங்கள். புதுக்கோட்டைப் புத்தகத் திருவிழாவிலோ ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியிலோ அரங்குகளில் நின்று புரட்டலாம். ஆனால் அங்கேயே கையெழுத்துப் பிரதியை நீட்டாதீர்கள், பில் போடும் அவசரத்தில் இருப்பார்கள். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பினால் அதையும் கடிதத்தில் சொல்லிவிடுவது மரியாதை. பதில் வர மாதங்கள் ஆகும். வராமலும் போகும்.

நல்ல பதிப்பகம் உங்களிடம் பணம் கேட்காது. விலையில் 10 சதவீதம் வரை உரிமைத் தொகையாகத் தரும். படக்கதையில் அது எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் பிரியலாம். ஒப்பந்தத்தில் கால அளவு, எந்தெந்த நாடு, மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம் ஆகியவற்றைத் தனித்தனியாகத் தேடிப் படியுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுதும் என்றும் 1957ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சில தாள்களில் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்ற மூன்று சொல் சின்ன எழுத்தில் உட்கார்ந்திருக்கும். ஸ்டோரிவீவரில் நேரடியாக வெளியிடுவதும் ஒரு வழிதான். ஆனால் அங்கே திறந்த உரிமம். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கக்கூடச் செய்யலாம். பல ஆயிரம் பிள்ளைகள் படித்தால் போதும் என்பவருக்கு நல்லது. குடும்பக் கதையை அப்படி விட மனம் ஒப்புமா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்து பார்த்து, கடைசியில் நானே போடுகிறேன் என்றால் அதுவும் தவறில்லை. அப்போது மொத்தப் பணத்தை ஒருவரிடம் கொடுக்காதீர்கள். ஓவியத்துக்குத் தனி, பக்க வடிவமைப்புக்குத் தனி, அச்சுக்குத் தனி. சிவகாசியிலும் சென்னையிலும் மூன்று அச்சகத்தில் விலை கேளுங்கள். உள்தாள் எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு), அட்டை எத்தனை, நான்கு வண்ணமா, நடுப்பின்னா என்று ஒரே மாதிரி எழுதிக் கொடுத்துக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். முதலில் நூறு பிரதி போதும். அச்சானதும் சென்னை கன்னிமரா, கல்கத்தா தேசிய நூலகம் உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. பலர் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள். ரோஜா முத்தையாக்கள் எல்லாக் காலத்திலும் கிடைக்க மாட்டார்கள்.

ஒரு சின்ன யோசனை, கேட்காமலே சொல்கிறேன். பர்மாக் கதை நீளமானது. முதல் புத்தகத்துக்கு அதைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையார் நோன்பு அன்று மாவில் எரியும் இழையை ஐயா கையிலிருந்து வாங்கி, சுடருடன் வாயில் போட்டுக்கொள்கிறோமே, முதல் தடவை அதை வாங்கப்போகும் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பயம், வரிசை, முன்னால் நிற்கும் அண்ணன், நெருங்கி வரும் சுடர். பதினான்கு இரட்டைப் பக்கம் அப்படியே இருக்கிறது. கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றி ஆத்தங்குடிக் கல் செய்வதும் அதுபோலத்தான், காய்ந்த கல்லைக் கண்ணாடியிலிருந்து எடுக்கும் பக்கத்தில் படம் பேசும்.

எதை எடுத்தாலும் அந்த மடித்த எட்டுத் தாளில் எழுதி, தெருப் பிள்ளைகளுக்கு வேறொருவரைப் படித்துக் காட்டச் சொன்ன பிறகு எனக்கு அனுப்புங்கள், பென்சில் கோடுகளோடு. பர்மாக் கதையையே எடுத்தால் ஒரே ஒரு வேண்டுகோள். "அவன் கொண்டுவிக்கப் போனான்" என்ற வரியை யார் சொன்னாலும் எடுத்துவிடாதீர்கள். வெளியூர்ப் பிள்ளைக்குப் புரியாதுதான். "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்கட்டும்.